தேனோ ஆடோ, தணிக்கைக்கு யாரை அழைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

தேன், கால்நடை ஏற்றுமதிக்கு வெளியார் தணிக்கை கேட்கிறார்களே, யாரைப் பிடிப்பது என்று கேட்டு குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறு இங்கே. வரிக் கணக்கு பார்க்கும் ஆடிட்டருக்கு இதில் வேலையில்லை. பண்ணையையும் கூடத்தையும் லாரியையும் பதிவேட்டையும் நேரில் பார்த்து, விதிப்படி இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்கும் தணிக்கையாளரைப் பற்றியே பேச்சு.

கேள்வி: சுமார் 60 தேனீ வளர்ப்போரிடம் தேன் வாங்கி, வடிகட்டி, மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் நேரடியாக வாங்கக் கேட்கிறார். சுதந்திரமான தணிக்கையாளரின் அறிக்கை வேண்டும் என்கிறார். இங்கே ஒருவர் டிரெயினிங், ஃபைல், ஆடிட், சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பிப் போகலாமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: பேக்கேஜ் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. தணிக்கையாளரைத் தேடும் முன், ஜெர்மனிக்காரர் கேட்பது எந்தக் காகிதம் என்பதை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘ஆடிட் ரிப்போர்ட்’ என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் உலவுகின்றன. ஒன்றுக்குப் பணம் கட்டி முடித்த பிறகு, தேவைப்பட்டது வேறொன்று என்று தெரியவருவது இந்தத் தொழிலில் சகஜம்.

முதலாவது, அரசு அங்கீகாரம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தேன் போக வேண்டுமானால், பதப்படுத்தும் கூடம் மத்திய அரசின் ஏற்றுமதி ஆய்வுக் குழுவிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சரக்கோடு போகும் சுகாதாரச் சான்றும், மருந்து எச்சங்களைப் பரிசோதிக்கும் ஆண்டுத் திட்டமும் அரசுத் தரப்பின் பொறுப்பு. எந்தத் தனியார் தணிக்கையாளரும் இதற்கு மாற்றாக ஒரு காகிதம் தர முடியாது. தருவேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2010-இல் இந்தியத் தேனை ஐரோப்பா நிறுத்தி வைத்து, 2011-இல்தான் மறுபடி அனுமதித்தது. அதன் பிறகு இந்த விஷயத்தில் நெளிவு சுளிவுக்கு இடமில்லை. உங்கள் கூடத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால், இருக்கும் ஒரு கூடத்துக்குச் சப்ளையராகச் சேர்ந்து அவர்கள் வழியாக அனுப்புவதே முதல் ஆண்டுக்குச் சரியான வழி.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு முறைமைக்கான சான்றிதழ்: ஐ.எஸ்.ஓ. 22000, எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 போன்றவை. மூன்றாவது, வாங்குபவர் தானே தயாரித்த கேள்விப் பட்டியலை வைத்து ஓர் ஆய்வு நிறுவனத்தை அனுப்பிப் பார்ப்பது. இதில் சான்றிதழ் வராது, அறிக்கை மட்டும்தான், செலவும் குறைவு. முதல் கன்டெய்னருக்குப் பல பேருக்கு இதுவே போதுமானதாக இருக்கும். ஆகவே மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: எந்தத் தரம், எந்தப் பதிப்பு? கூடம் மட்டுமா, தேன் பெட்டிகள் வரைக்குமா? எந்த அங்கீகார வாரியத்தின் கீழ் வரும் நிறுவனத்தை ஏற்பீர்கள்? அறிக்கை எத்தனை மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும்?

இனி பேக்கேஜ். முறைமைச் சான்றிதழ் தரும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 17021-1 விதிப்படி, சான்று தரும் நிறுவனம் ஆலோசனை விற்கக் கூடாது. உங்களுக்கு ஆலோசகராக இருந்த ஒருவர், அந்த வேலை முடிந்து 2 ஆண்டு கழியாமல் உங்களைத் தணிக்கை செய்யவும் கூடாது. ஃபைலை எழுதித் தந்தவரே அந்த ஃபைலில் குறை கண்டுபிடிப்பாரா? ஆலோசகர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவர் தேவையும்கூட. ஆனால் அவர் வேறு, தணிக்கை நிறுவனம் வேறு, பில் வேறு என்று இருக்கட்டும். ஆலோசகரிடம் அவருடைய கடைசி ஐந்தாறு வாடிக்கையாளர்களின் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். எல்லாம் ஒரே நிறுவனத்திலிருந்து வந்திருந்தால், இருவருக்கும் இடையில் கமிஷன் ஓடுகிறதா என்று விசாரிப்பது நல்லது.

நிறுவனத்தைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். என்.ஏ.பி.சி.பி. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தத் தரத்துக்கு, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்று பாருங்கள். எந்தத் தொழிலுக்கும் பொதுவான தர மேலாண்மைச் சான்றான ஐ.எஸ்.ஓ. 9001-க்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு, அதே லோகோவைக் காட்டி 22000 சான்று விற்பது பழைய வித்தை. உணவுச் சங்கிலிப் பிரிவுகளில் தேனீ வளர்ப்பு ‘ஏ’-யின் கீழ் வரும், பதப்படுத்துதல் ‘சி’-யின் கீழ் வரும். உங்களுக்கு வேண்டிய பிரிவு அவர்களிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டு வாரியத்தின் அங்கீகாரம் என்று சொன்னால், அந்த வாரியம் ஐ.ஏ.எஃப். என்று அறியப்பட்ட, அங்கீகார வாரியங்களின் உலகக் கூட்டமைப்பில் உறுப்பு அமைப்பா என்று பாருங்கள். பெயர் பெரிதாக இருக்கும், உலகத்தில் யாரும் ஏற்காத வாரியமாகவும் இருக்கும். பரிசோதனைக் கூடம் என்றால் கேட்க வேண்டியது சோதனைக் கூடங்களுக்கான தரமான ஐ.எஸ்.ஓ. 17025-க்கு, அவற்றுக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம். அதிலும் தேனில் எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியல் இருக்கும்.

நிறுவனம் சரியென்றால் ஆளைப் பாருங்கள். வருகிறவரின் தகுதிக் குறிப்பை முன்கூட்டியே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிஸ்கட் கம்பெனியில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு, ஈரப்பதம் 23 சதவீதத்தில் எடுத்த ரப்பர் தோட்டத்துத் தேன் நுரைப்பது ஏன் என்று தெரியாது. இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: மொழி. தமிழோ மலையாளமோ தெரியாத தணிக்கையாளர் குழித்துறையிலோ அருமனையிலோ ஒரு தேனீ வளர்ப்பவரிடம் கேள்வி கேட்கும்போது, மொழிபெயர்ப்பது பெரும்பாலும் உங்கள் கொள்முதல் மேனேஜர்தான். அந்தப் பேட்டிக்குப் பிறகு ‘சுதந்திரம்’ என்பது காகிதத்தில்தான் மிஞ்சும். விவரமான வாங்குபவர் அறிக்கையைப் படித்ததுமே இதைப் பிடித்துவிடுவார். தமிழ் தெரிந்த தணிக்கையாளரைக் கேளுங்கள். இல்லையென்றால், உங்களிடம் சம்பளம் வாங்காத ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுவனமே அழைத்து வரட்டும்.

கேள்வி: ஒரே சான்றிதழுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினேன். ஒன்றுக்கொன்று இரண்டரை மடங்கு வித்தியாசம். குறைந்ததை எடுத்தால் என்ன?
– களியக்காவிளை வாசகர்

பதில்: ரூபாயைப் பார்ப்பதற்கு முன் ஆள்-நாளைப் பாருங்கள். எத்தனை தணிக்கையாளர், எத்தனை நாள் கூடத்தில் இருப்பார்கள்? உணவுப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் பிரிவு, ஊழியர் எண்ணிக்கை, இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துக் குறைந்தபட்ச நேரம் கணக்கிட விதி உண்டு. மூன்று பேரும் ஒரே தகவலை வைத்துக் கணக்கிட்டிருந்தால் நாள் எண்ணிக்கை ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மட்டும் அரை நாளில் முடிக்கிறேன் என்றால், அவருக்கு நீங்கள் கொடுத்த தகவல் தப்பு, அல்லது அவர் கூடத்துக்குள் நுழையும் உத்தேசமே இல்லை.

சான்றிதழ் 3 ஆண்டுச் சுற்று. முதல் ஆண்டு இரண்டு கட்டத் தணிக்கை, பிறகு ஆண்டுக்கு ஒரு கண்காணிப்புத் தணிக்கை. முதல் ஆண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, கண்காணிப்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எனவே 3 ஆண்டுக்கும் சேர்த்த தொகையைக் கேளுங்கள். பயணம், தங்குமிடம், குறைகளைச் சரிசெய்த பிறகு மறுபடி வந்து பார்க்கும் கட்டணம் எல்லாம் அதில் அடங்கட்டும். எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 என்றால் சுற்றுக்குள் குறைந்தது ஒரு தணிக்கையாவது முன்னறிவிப்பு இல்லாமல் வர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் கட்டணம் முடிவைச் சார்ந்து இருக்கக் கூடாது. ‘சான்று கிடைத்தால் மீதி’ என்ற வரி, கேட்க இனிமையாக இருந்தாலும், உங்கள் அறிக்கையை ஒன்றுக்கும் உதவாததாக்கிவிடும். தணிக்கை செய்தவரே சான்று வழங்கும் முடிவை எடுக்கக் கூடாது என்பதும் விதி. முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். பதிலுக்குத் தடுமாறினால் அது ஒற்றை ஆள் கம்பெனி.

கேள்வி: கூடம் பளிச்சென்று இருந்தது, டைல்ஸ், கை கழுவும் இடம், தலைவலை எல்லாம் சரி. ஆனாலும் தணிக்கையில் இரண்டு ‘மேஜர்’ குறை எழுதிவிட்டார். இரண்டும் பதிவேட்டில். நல்ல தணிக்கையாளர் இப்படித்தான் செய்வாரா, வேண்டுமென்றே செய்தாரா?
– அருமனை வாசகர்

பதில்: அனுப்பிய நகலைப் பார்த்தோம். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, வேலையைச் செய்திருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

முதல் குறை எடைக் கணக்கு. நீங்கள் வாங்கிய தேனின் சராசரி ஈரப்பதம் 23 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம்மில் நிரப்பும்போது 19. அப்படியென்றால் 1,000 கிலோ தேனில் 770 கிலோ திடப்பொருள். அதே 770 கிலோ, 19 சதவீத ஈரத்தில் 950 கிலோ சொச்சத்துக்குத்தான் வரும். அதாவது நீராக மட்டும் 49 கிலோ போயிருக்க வேண்டும். மெழுகு, நுரை, பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் அதற்கு மேல். உங்கள் பதிவேட்டிலோ மொத்த இழப்பு 1 சதவீதம், 10 கிலோ. மீதி 39 கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர் கேள்வி. பதில் எளிமையாக இருக்கலாம்: வாங்கும் இடத்தில் ஈரப்பதம் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை யாரும் சரிபார்க்கவில்லை, எல்லாருக்கும் 23 என்று வழக்கமாக எழுதிவிட்டார்கள். ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு, நடுவில் சர்க்கரைப்பாகு சேர்ந்த கணக்கும் இதே மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு கேனுக்கும் உண்மையான அளவை எழுதுங்கள். கருவியைச் சரிபார்த்த தேதியை அதன் மேலேயே ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது, ஒரு வளர்ப்பாளர் 50 பெட்டி என்று பதிவு. அவரிடம் ஒரு பருவத்தில் வாங்கியது 1,450 கிலோ. பெட்டிக்கு 29 கிலோ. இந்தியத் தேனீக்கு நம் ரப்பர் பகுதியில் நல்ல ஆண்டிலும் இது அதிகம். அவர் பக்கத்து வளர்ப்பாளர்களிடம் சேகரித்துத் தருகிறார் என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து வளர்ப்பாளர் பெட்டிகளில் என்ன மருந்து போட்டார் என்றும் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் தேனுக்கு ஆன்டிபயாடிக் அனுமதி அளவு என்று எதுவும் வைக்கவில்லை. தடைசெய்யப்பட்ட குளோராம்பெனிகால் ஒரு கிலோவில் 0.15 மைக்ரோகிராம் இருந்தாலே நடவடிக்கை. ஒருவரின் 35 கிலோ கேன் முழு டிரம்மையும் கெடுக்க அது போதும். தேசியத் தேனீ வாரியத்தின் ‘மதுகிராந்தி’ இணையப் பதிவில் அத்தனை பேரையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டால், பெட்டி எண்ணிக்கையைப் பற்றிய பாதித் தகராறு அங்கேயே தீரும். கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டி ஏற்றிப் போகிறவர்கள் என்றால், எந்தத் தேதியில் எந்தத் தோட்டம் என்பதும் பதிவில் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். உங்கள் தணிக்கை ஜூலையில் நடந்திருக்கிறது. அப்போது தேன் எடுப்பே இல்லை. காலிக் கூடத்தைத்தான் அவர் பார்த்திருப்பார். ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, எந்திரம் ஓடும்போது வரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு நாள் வளர்ப்பாளர்களிடம் மட்டும் போகட்டும். காரணம் சர்க்கரை. மழை மாதங்களில் கூட்டத்தைக் காப்பாற்றச் சர்க்கரைப்பாகு கொடுப்பது எல்லாரும் செய்வதுதான், அதில் குற்றமில்லை. பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறையை எடுக்காமலே கொடுப்பதும், பாகு நிறுத்திய தேதியை எழுதாமல் விடுவதும்தான் வினை. கரும்புச் சர்க்கரையைக் கார்பன் ஐசோடோப்புச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். 7 சதவீதத்துக்கு மேல் வந்தால் கலப்படம் என்று தீர்ப்பு. அரிசிப் பாகு அந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால்தான் தேனின் மூலக்கூறுகளைக் காந்தப்புலத்தில் வைத்துப் படிக்கும் என்.எம்.ஆர். சோதனை வந்தது, அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு 2020 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம்.

ஈரத்தை இறக்கச் சூடாக்கும்போது, சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். ஐரோப்பாவில் பொதுவான உச்சம் கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேன் என்று அறிவித்தால் 80. நம் நாட்டு விதியில் 80. ‘வெப்பமண்டலம்’ என்ற அறிவிப்பு இல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ரப்பர் தேனுக்கு இன்னொரு சிக்கல்: அது பூவிலிருந்து வருவதில்லை, இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. எனவே மகரந்தம் மிகக் குறைவு. மகரந்தத்தை எண்ணிப் பார்த்து ‘வடிகட்டப்பட்ட, சந்தேகத்துக்குரிய தேன்’ என்று எழுதும் ஆய்வாளரிடம் இதை ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்தவர் உங்கள் தணிக்கையாளராக இருந்தால் நல்லது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 120 பெட்டி. இயற்கைத் தேன் சான்று வாங்கினால் வெளிநாட்டில் நல்ல விலை என்கிறார்கள். ஒரு நிறுவனம் 3 மாதத்தில் தருவதாகச் சொல்கிறது. எங்கள் பெட்டிகள் பேச்சிப்பாறைக்குக் கீழே ரப்பர் தோட்டங்களில் இருக்கின்றன.
– குலசேகரம் வாசகி

பதில்: 3 மாதத்தில் என்று சொன்னவரை மறந்துவிடுங்கள் அம்மா. ஐரோப்பிய விதிப்படி தேனீ வளர்ப்பில் மாறுதல் காலமே 12 மாதம். அதற்குள் பழைய மெழுகடையையும் மாற்ற வேண்டும். இது தெரியாதவர் சான்று நிறுவனத்தில் இருக்க முடியாது. தெரிந்தே சொல்கிறார் என்றால் இன்னும் மோசம்.

பெரிய தடை இடம். பெட்டியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்தில் தேனும் மகரந்தமும் தரும் செடிகள் பெரும்பாலும் இயற்கை முறையிலோ, காடாகவோ, மிகக் குறைந்த மருந்துப் பயன்பாட்டிலோ இருக்க வேண்டும். 3 கிலோமீட்டர் ஆரம் என்றால் 28 சதுர கிலோமீட்டர். ரப்பர் துளிர்க்கும் நேரத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள், மே மாதத்தில் இலையுதிர் நோய்க்குத் தாமிரக் கலவை, களைக்கொல்லி, பால் கூடுதலாக வர எத்திஃபான்: இவற்றில் எது உங்கள் வட்டத்துக்குள் விழுகிறது என்று முதலில் நீங்களே ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். கந்தகத்தூள் போடும் நேரமும் தேன் வரும் நேரமும் ஒன்றே என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே காட்டோரம் நகர்த்துவது என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

அடுத்து, எந்தச் சான்று? இந்தியாவின் என்.பி.ஓ.பி. இயற்கைச் சான்றை ஐரோப்பா சமமாக ஏற்பது பதப்படுத்தாத தாவரப் பொருள்களுக்குத்தான். தேன் விலங்குப் பொருள் கணக்கில் வருவதால், ஐரோப்பா நேரடியாக அங்கீகரித்த நிறுவனம் அந்த விதிப்படியே தணிக்கை செய்தாக வேண்டும். உள்நாட்டில் விற்க மட்டும் என்றால் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு அரசின் அங்கக (இயற்கை வேளாண்) சான்றளிப்புத் துறையில் விசாரியுங்கள். அதற்கு ஐரோப்பா வரை போக வேண்டாம்.

நிறுவனத்தின் வரலாற்றையும் பாருங்கள். எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் தொடர்ந்து பிடிபட்டதை ஒட்டி, 2021 கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவில் இயங்கிய 5 இயற்கைச் சான்று நிறுவனங்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. எள்ளுக்கே சம்பந்தமில்லாத அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களும் வேறு நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

கேள்வி: தோவாளைப் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். மாலத்தீவுக்கு உயிருடன் ஆடு அனுப்ப ஆர்டர் வரும் போலிருக்கிறது. சுதந்திரமான தணிக்கையாளர் வேண்டுமா?
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: முதல் வேலை தணிக்கையாளர் இல்லை. வாங்குபவர் தன் நாட்டு அரசிடம் இறக்குமதி அனுமதியும் நோய்த் தடுப்பு நிபந்தனைகளும் வாங்கி அனுப்பட்டும். எந்தத் தடுப்பூசி, எத்தனை நாள் தனிமை, எந்த ரத்தப் பரிசோதனை என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். அதை வைத்து மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சென்னை அலுவலகத்தில் பேசுங்கள். சுகாதாரச் சான்று தருவது அவர்கள். எந்தத் துறைமுகம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் பதிலாக ஒரு தனியார் தாளைக் காட்ட முடியாது.

தனியார் தணிக்கையாளர் உதவுவது எண்ணிக்கை, லாரி, பராமரிப்பு விஷயத்தில். வாங்குபவர் கேட்டால் ஏற்றும் நாளில் வரச் சொல்லுங்கள், ஒரு வாரம் முன்னால் வந்து பண்ணையைப் படம் பிடித்துக்கொண்டு போவதில் பிரயோசனமில்லை. மோட்டார் வாகன விதிப்படி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம். 17 அடிக்கு 7 அடி லாரித் தட்டு 11 சதுர மீட்டர். ஒரு தட்டில் 36 ஆடு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 50 ஏற்றுவதுதான் வழக்கம் என்று லாரிக்காரர் சொல்வார். 1978-இன் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானவை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். வெள்ளாட்டையும் செம்மறியையும் கலக்கக் கூடாது, கிடாவையும் பெட்டையையும் ஒரே அறையில் விடக் கூடாது. தணிக்கையாளர் காதுப் பட்டை எண்ணைப் பண்ணையில் ஒரு தடவை, துறைமுகத்தில் ஒரு தடவை தானே எண்ணினாரா, அல்லது உங்கள் ஆள் வாசித்ததைக் குறித்துக்கொண்டாரா என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். தகுதிச் சான்று கொடுத்த அதே மருத்துவரைத் தணிக்கைக்கும் அமர்த்த வேண்டாம்.

கேள்வி: என் தம்பி குவைத்தில் ஆஸ்திரேலியச் செம்மறிகளை அறுக்கும் கூடத்தில் கணக்கு எழுதுகிறான். தணிக்கைக்கு வருகிறவரை ஏற்றுமதியாளரே பணம் கொடுத்து அனுப்புகிறாராம். அப்படியிருக்க அது எப்படிச் சுதந்திரத் தணிக்கை?
– குளச்சல் வாசகர்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தோனேசியக் கூடங்களில் மாடுகள் வதைபடும் காட்சி வெளியானதை அடுத்து, 2011-இல் ஆஸ்திரேலியா ‘எஸ்காஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. கப்பலிலிருந்து இறங்கி அறுபடும்வரை விலங்கு யார் கட்டுப்பாட்டில், எங்கே இருக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலிய ஏற்றுமதியாளரே பொறுப்பு. வழியிலுள்ள கூடங்களைச் சுதந்திரத் தணிக்கையாளர் பார்த்தாக வேண்டும். பணம் ஏற்றுமதியாளருடையதுதான். அந்தக் குறையை ஈடுகட்ட, அறிக்கை ஆஸ்திரேலிய அரசுத் துறைக்குப் போகிறது. வெளியார் யாரும் புகார் கொடுக்கலாம், துறை விசாரித்து முடிவை வெளியிடும். முழு நிவாரணமா என்றால், இல்லை. கப்பலில் நடப்பது அந்த முறைக்குள் வரவே இல்லை: 2017-இல் வளைகுடாவுக்குப் போன ஒரே பயணத்தில் சுமார் 2,400 செம்மறிகள் வெப்பத்தில் செத்தன. அந்தக் காட்சிகள் 2018-இல் வெளியான பிறகு, கப்பல்களில் அரசுப் பார்வையாளரே ஏறினார்.

தம்பிக்கு: தணிக்கையாளர் முதலில் கேட்பது வரவு, சாவு, அறுத்தது, இருப்பு என்ற நான்கு எண்ணும் கூடுகின்றனவா என்பது. பக்ரீத் சமயத்தில் யாராவது கேட்டு நாலு ஆட்டை வெளியே கொடுத்துவிட்டு, அதைச் ‘சாவு’ கணக்கில் எழுதச் சொன்னால் எழுத வேண்டாம். ஒரு ஆடு வெளியே போனாலும் சங்கிலி அறுந்ததாகத்தான் அர்த்தம், பெயர் கெடுவது கையெழுத்துப் போட்டவருக்கு. எடை இயந்திரத் தாள், காதுப் பட்டைப் பை, செத்த ஆட்டை அகற்றிய ரசீது மூன்றையும் அந்தந்த நாளோடு சேர்த்து வைத்தால் கேள்விகள் சீக்கிரம் முடியும். அறுக்கும் இடத்தில் அவர் பார்ப்பது: உயிரோடிருக்கும் ஆட்டைக் காலைப் பிடித்து இழுக்கிறார்களா, கத்தி கூராக இருக்கிறதா, உயிர் போனது உறுதியாகும் முன்னே தோல் உரிக்கத் தொடங்குகிறார்களா என்பவை.

ஒரு தகவல் கூடுதலாக. 2024-இல் ஆஸ்திரேலியா இயற்றிய சட்டப்படி, கடல் வழியாக உயிருள்ள செம்மறி அனுப்புவது 2028 மே 1 முதல் நின்றுவிடும். விசாவைப் புதுப்பிக்கும்போது தம்பி அந்தத் தேதியையும் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்தக் கூடம் பிறகு எங்கிருந்து ஆடு வாங்கப் போகிறது என்று முதலாளியிடம் கேட்டு வைக்கட்டும்.